வாங்க ஒரு படி, விற்க ஒரு படியா?

திங்கட்கிழமை காலையில் வேங்கிக்காலுக்குச் சென்று பாருங்கள். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வாயிலில், கையிலே மனுவும் மடியிலே பட்டா நகலுமாக ஒரு கூட்டம் காத்து நிற்கும். போளூரிலிருந்து வந்தவர், கலசபாக்கத்திலிருந்து வந்தவர், ஜவ்வாது மலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திறங்கியவர் என்று பலதரப்பட்ட மக்கள். ஒருவருக்குப் பாதைத் தகராறு. மற்றொருவருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோன துயரம். இன்னொருவருக்கு ஏரிக்கால்வாய் அடைபட்ட வேதனை. மனு கொடுத்தால் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது.

அந்த வாயிலுக்கு அருகே ஒரு தேநீர்க் கடை. அங்கே ஒரு பெரியவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். அரைக்காணி நிலத்துக்காகப் பதினோரு ஆண்டுகளாக அலைபவர். முதல் கோர்ட்டில் வெற்றி, அப்பீலில் தோல்வி, இப்போது வழக்கு சென்னை ஐகோர்ட்டிலே இருக்கிறதாம். தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏன் தம்பி, மெட்ராஸ்ல புதுசா ஜட்ஜு வராங்களே, அவங்கள்லாம் எந்தக் கட்சிக்காரங்க?"

"நீதிபதிக்குக் கட்சி ஏது பெரியவரே?" என்றேன்.

அவர் சிரித்தார். "மல்லாட்டை மூட்டைய எடை போடறப்ப முள்ளு ஆடறத நானும்தான் பாக்கறேன். முள்ளு நேராத்தான் நிக்கும். ஆனா படிக்கல்லு எவன் வூட்டுக் கல்லுன்னு தெரிஞ்சாத்தானே எனக்குத் தூக்கம் வரும்?"

பட்டம் பெற்றோர் பக்கம் பக்கமாக எழுதும் வாதத்தை, பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தறியாத அந்த உழவர் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். தராசு நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. படிக்கல்லைத் தேர்ந்தெடுப்பவர் யார், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஏழை வீட்டுக் கவலை

இது ஏதோ டில்லியிலே இருப்பவர்களின் தலைவலி, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். 2023 நவம்பரில் இதே மாவட்டத்தில் என்ன நடந்தது? செய்யாறு பக்கம் மேல்மாவில், சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடியவர்களில் ஏழு பேர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு எழுந்த சில நாட்களிலேயே ஆறு பேர் மீதான உத்தரவை அரசே திரும்பப் பெற்றது. நல்லது. ஆனால் திரும்பப் பெறாமல் இருந்திருந்தால்? அந்தச் சட்டப்படி, விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். அப்போது அந்த வீட்டுப் பெண்கள் எங்கே ஓடுவார்கள்? ஆட்கொணர்வு மனுவை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குத்தான். ஆட்சியாளரைப் பார்த்து, "இவரை ஏன் அடைத்தாய்? காரணம் சொல்" என்று கேட்கும் துணிவு படைத்த ஒருவர் அந்த நாற்காலியில் இருக்கிறாரா இல்லையா என்பது, மேல்மாவின் அடுப்பெரியும் வீடுகளைப் பொறுத்த கேள்வி.

ஆகவேதான் கேட்கிறேன்: அந்த நாற்காலிக்கு ஆள் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்?

ஒரே நாள், இரண்டு பெயர்

உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த இரு மூத்த நீதிபதிகளும் பெயர்களைத் தேர்ந்து அனுப்புகிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் குழு அவற்றைப் பரிசீலித்து மத்திய அரசுக்குப் பரிந்துரைக்கிறது. கொலீஜியம் என்று அதற்குப் பெயர். 1993-லும் 1998-லும் உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்துகளின்படி அமைந்த முறை இது. அரசு ஒரு பெயரைத் திருப்பி அனுப்பலாம்; குழு அதே பெயரை மீண்டும் பரிந்துரைத்தால் அரசு நியமித்தே தீரவேண்டும். ஏட்டிலே எழுதியிருப்பது இது. நாட்டிலே நடப்பது என்ன?

2023 ஜனவரி 17. அன்று அந்தக் குழு சென்னை உயர் நீதிமன்றத்துக்காக எடுத்த முடிவுகளில் இரண்டு பெயர்களைப் பாருங்கள்.

ஒருவர் வழக்கறிஞர் ஜான் சத்யன். 2022 பிப்ரவரியிலேயே பரிந்துரைக்கப்பட்டவர். பிரதமரைக் குறைகூறி வந்த ஒரு கட்டுரையைச் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்தார், நீட் தேர்வினால் ஒரு மாணவி உயிர் துறந்தபோது மனம் வெதும்பி ஒரு பதிவிட்டார் என்பவை உளவுத்துறை அவர்மீது எழுதிய குறிப்புகள். அவருக்கு நல்ல பெயர் உண்டு, வெளிப்படையான அரசியல் சார்பு இல்லை என்பதையும் அதே உளவுத்துறைதான் சொன்னது. இத்தகைய பதிவுகள் ஒருவரது நேர்மையையோ பொருத்தத்தையோ பாதிக்கமாட்டா என்று கூறி, குழு அவர் பெயரை அன்று மீண்டும் வலியுறுத்தியது. அதோடு நிற்கவில்லை. அன்றைக்கே தனியாகப் பரிந்துரைக்கப்படும் சில பெயர்களுக்கு முன்பாக இவரை நியமிக்க வேண்டும் என்றும் எழுதியது.

மற்றொருவர் வழக்கறிஞர் திருமதி விக்டோரியா கௌரி. பாரதிய ஜனதாக் கட்சியின் மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர். சிறுபான்மைச் சமயத்தாரைப் பற்றி அவர் முன்பு பேசியவை வெறுப்பைத் தூண்டுவன என்று சுட்டிக்காட்டி, சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள் 21 பேர் குடியரசுத் தலைவருக்கும் கொலீஜியத்துக்கும் கடிதம் எழுதினர். அவருக்கு ஆதரவாகவும் வழக்கறிஞர்கள் எழுதினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நடந்தது என்ன? பிப்ரவரி 6-ஆம் நாள் கௌரி அவர்களுக்கு நியமன ஆணை வந்தது. எண்ணிப் பாருங்கள்: இருபதே நாட்கள்! மறுநாள் காலை உச்ச நீதிமன்றத்தில் அவரது நியமனத்தை எதிர்க்கும் மனு விசாரணையில் இருக்கும்போதே, சென்னையில் பதவியேற்பு நடந்தேறியது. முன்னுரிமை தரவேண்டும் என்று எழுதப்பட்ட ஜான் சத்யனுக்கோ ஆணை வரவில்லை. முன்பு பரிந்துரைத்த பெயர்களை நிறுத்தி வைப்பதால் அவர்களது பணிமூப்பு பறிபோகிறது, இது மிகுந்த கவலைக்குரியது என்று 2023 மார்ச் 21-இல் கொலீஜியமே எழுதவேண்டிய நிலை வந்தது.

மீண்டும் பரிந்துரைத்த பெயரை மூன்று, நான்கு வாரங்களுக்குள் நியமிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் காலவரம்பே குறித்திருந்தது. கவலை தெரிவித்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு நினைவில் இல்லாமலா போயிருக்கும்? இருந்தும் என்ன பயன்? தீர்ப்பெழுதும் பேனா நீதிபதியிடம் இருக்கிறது; நியமன ஆணையை அனுப்பும் தபால் பெட்டி ஆட்சியாளரிடம் அல்லவா இருக்கிறது!

தகுதி வேறு, பொருத்தம் வேறு

கௌரி அவர்களது நியமனத்தை எதிர்த்த மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒருவருக்குச் சட்டம் கேட்கும் தகுதி உண்டா என்பதை நீதிமன்றம் பார்க்கலாம். அவர் பதவிக்குப் பொருத்தமானவரா என்று பார்ப்பது நியமனக் குழுவின் வேலை, வழக்கின் மூலம் அதை ஆராய முடியாது என்றது. விசாரித்த இருவரில் ஒருவரான நீதிபதி பி.ஆர். கவாய், தமக்கும் முன்பு அரசியல் பின்னணி உண்டு, அது தம் நீதிபதிப் பணிக்குக் குறுக்கே வந்ததில்லை என்று எடுத்துச் சொன்னார். 2024 செப்டம்பரில் கௌரி அவர்கள் நிரந்தர நீதிபதியும் ஆனார்.

கவாய் சொன்னதிலே உண்மை இல்லையா? இருக்கிறது. நேர்மையாக வாதம் புரிய விரும்புவோர் அதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

வி.ஆர். கிருஷ்ணய்யர் யார்? 1952-இல் கூத்துப்பறம்பிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தவர். 1957-இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் சட்டத்தையும் உள்துறையையும் கவனித்தவர். அமைச்சராக இருந்தவர் 1968-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார்; 1973-இல், இந்திரா காந்தியாரின் ஆட்சிக் காலத்தில், உச்ச நீதிமன்றம் சென்றார். அந்த இந்திரா காந்தியாரின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்பின் மீது மேல்முறையீடு வந்தபோது, விடுமுறைக்கால நீதிபதியாக அமர்ந்திருந்தவர் இவர்தான். 1975 ஜூன் 24-இல் முழுத் தடை தர மறுத்தார். பிரதமராக நீடிக்கலாம், மக்களவையில் வாக்களிக்க முடியாது என்று நிபந்தனை விதித்தார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை பிறந்தது.

கே.எஸ். ஹெக்டே யார்? 1952 முதல் 1957 வரை மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினர். அங்கிருந்து மைசூர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றவர். அந்தக் காங்கிரஸ்காரர்தான் 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில், காங்கிரஸ் அரசு விரும்பாத பெரும்பான்மைத் தீர்ப்பின் பக்கம் நின்றார்.

ஆகவே தோழர்களே, ஒருவர் நேற்று எந்தக் கொடியைப் பிடித்தார் என்பதைக் கொண்டு மட்டும் அவரைத் தள்ளிவிட முடியாது. இடதுசாரி நீதிபதியாகலாம் என்றால் வலதுசாரியும் ஆகலாம். பழமையில் பற்றுடையோர் இந்த நாட்டிலே கோடிக்கணக்கில் உள்ளனர். அவர்களில் ஒருவர் நீதிபதியாகக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. கட்சிச் சார்பு வேறு, ஒரு சமயத்தார் மீது வெறுப்பு வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. முன்னது கருத்து, பின்னது, தம் முன்னே வந்து நிற்கப்போகும் மனுதாரரின் பெயரைப் பார்த்தே தீர்ப்பு வகுக்கும் நோய். அந்த நோய் இருப்பதாக ஒரு புகார் வந்தால், பதவி தருமுன் அதை வெளிப்படையாக ஆராய்ந்து, உண்டு அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். 2023-இல் அந்த ஆராய்ச்சி நடக்க நேரமே கொடுக்கப்படவில்லை.

குறை எங்கே என்று இப்போது புரிகிறதா? ஒருவரது கட்சிப் பணி குற்றமில்லை என்றால், மற்றொருவர் ஒரு கட்டுரையைப் பகிர்ந்தது மட்டும் எப்படிக் குற்றமாகும்? கட்டுரையைப் பகிர்ந்ததே சார்பு என்றால், கட்சியில் பொறுப்பு வகித்தது சார்பில்லையா? மல்லாட்டை வியாபாரி வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது ஒரு படி வைத்திருந்தால் ஊரே கூடி அவனைக் கேட்கும். ஆட்சியாளர் வைத்திருந்தால் கேட்கக் கூடாதா?

இந்தப் படியை வார்த்தது யார்?

இந்த இரட்டைப் படியை இன்றைய டில்லி ஆட்சியாளர்களா முதலில் வார்த்தார்கள்? இல்லை. வரலாற்றை மறைத்துப் பேசினால் நம் வாதமே வலுவிழக்கும்.

1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்ற தீர்ப்பு. ஏழுக்கு ஆறு என்ற நூலிழைப் பெரும்பான்மை. உடனே அரசு, அந்தப் பெரும்பான்மையில் இருந்த ஷெலத், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி, ஏ.என். ரே அவர்களைத் தலைமை நீதிபதியாக்கியது. மூவரும் பதவி விலகினர். அடுத்த மாதம் மக்களவையில் அந்தச் செயலுக்கு வாதாடியவர் யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டுக்காரர், சென்னை மாநில அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், சிறந்த அறிவாளர், இடதுசாரிச் சிந்தனையாளர் மோகன் குமாரமங்கலம்! நீதிபதியின் வாழ்க்கைக் கண்ணோட்டம் எத்தகையது என்று அரசு பார்த்துத்தான் நியமிக்கும் என்பது அவர் வாதம். முற்போக்குச் சட்டங்களை நீதிமன்றங்கள் வெட்டிச் சாய்த்த ஆத்திரம் அவருக்கு. வங்கிகளை நாட்டுடைமையாக்கிய சட்டமும் மன்னர் மானிய ஒழிப்பும் நீதிமன்றத்தில் அடிபட்ட காலம் அது. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் கதவைத் திறந்தவர் உள்ளே யார் வருவார் என்பதைத் தீர்மானிக்க முடியுமா?

மூன்றே ஆண்டுகளில் விடை கிடைத்தது. நெருக்கடி நிலை. விசாரணையின்றிச் சிறை. அடைக்கப்பட்டோர் நீதிமன்றத்தை நாடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. ரே அவர்கள் தலைமையில் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு, 1976 ஏப்ரல் 28-இல், நாட முடியாது என்று நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா. அதற்கான பரிசு அவருக்கு 1977 ஜனவரியில் கிடைத்தது. அவரைத் தாண்டி எம்.எச். பெக் தலைமை நீதிபதியானார், கன்னா விலகினார்.

அந்தத் தீர்ப்பின் விலையைத் தமிழ்நாடும் கொடுத்தது. 1976 ஜனவரி 31-இல் மாநில ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் அடைபட்டோர் சென்னைச் சிறையில் வதைபட்டனர். சென்னை மேயராக இருந்த சிட்டிபாபு, சிறையிலே அடிபட்டு, 1977 ஜனவரியில் உயிர் நீத்தார். அந்தக் கொடுமைகளை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பின்னர் விசாரித்தது. 1976 தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் சொன்னது. நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து! சிறைக் கம்பிக்குப் பின்னே கிடந்தவனுக்கு அதனால் என்ன லாபம்?

அமெரிக்கா காட்டும் பாடம்

அமெரிக்காவிலே ஒளிவுமறைவே இல்லை. குடியரசுத் தலைவர் பெயரைச் சொல்வார், செனட் சபை ஓட்டுப் போடும். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா மறைந்தார். ஒபாமா மார்ச்சில் மெரிக் கார்லண்டின் பெயரை அனுப்பினார். செனட்டில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சி, இது தேர்தல் ஆண்டு, மக்கள் தீர்ப்பு வரட்டும் என்று கூறி விசாரணைக்கே எடுக்கவில்லை. 2020 செப்டம்பரில் நீதிபதி கின்ஸ்பர்க் மறைந்தார். அதுவும் தேர்தல் ஆண்டுதான்! அதே கட்சி, தேர்தலுக்கு எட்டு நாட்கள் முன்பு, பழமைவாதியான ஏமி கோனி பாரெட்டை நியமித்து முடித்தது. ஒன்பதில் ஆறு பேர் பழமைவாதிகள் ஆயினர். கருக்கலைப்பு உரிமையைத் தந்த 1973 தீர்ப்பு 2022 ஜூனில் வீழ்ந்தது.

அங்கே பழமைவாதியைத் தேர்ந்தெடுத்தது முறைகேடு அல்ல. தேர்தலில் வென்றவர் தேர்ந்தெடுத்தார். 2016-இல் ஒரு விதி, 2020-இல் ஒரு விதி என்று வகுத்தார்களே, அதுதான் முறைகேடு. வேங்கிக்கால் பெரியவரின் படிக்கல் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் பொருந்துகிறது, பாருங்கள்.

நம் வீட்டுக் கண்ணாடி

எதிரியின் தராசைக் குறைகூறிவிட்டு நம் தராசை மூடிவைக்கலாமா? 2023 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். அமைச்சர் ஒருவரை வேலூர் நீதிமன்றம் விடுதலை செய்ததை, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாகவே முன்வந்து மறு ஆய்வுக்கு எடுத்தார். பிற அமைச்சர்கள் மீதும் அவ்வாறே செய்தார். எதிர் முகாமைச் சேர்ந்த முன்னாள் முதலமைச்சர் பன்னீர்செல்வம் சம்பந்தப்பட்ட வழக்கையும் விடவில்லை. உடனே நம்மவர்களில் சிலர் அவர்மீது வசைபாடினர். 2021 ஜூனில், தன்பாலீர்ப்பு கொண்டோரைக் காவல்துறை துன்புறுத்தக் கூடாது என்று அவர் உத்தரவிட்டபோது, இதோ முற்போக்கு நீதிபதி என்று புகழ்ந்த வாய்கள் அல்லவா அவை?

நமக்குச் சாதகமான தீர்ப்பென்றால் நீதி, பாதகமென்றால் சதி என்று பேசினால், நாமும் இரட்டைப் படி வைத்திருக்கிறோம் என்றே பொருள். தீர்ப்பைக் குறைகூறலாம், மேல்முறையீடு செய்யலாம். நீதிபதியின் குலத்தையும் கோத்திரத்தையும் தோண்டுவது நியாயம் கேட்பவன் செய்யும் வேலையல்ல.

வேண்டுவன

நாம் கேட்கவேண்டியவை நான்கு. முதலாவது, மீண்டும் பரிந்துரைத்த பெயருக்குக் குறித்த நாளுக்குள் அரசு ஆணை தரவேண்டும்; தராவிட்டால் காரணத்தை நாடறியச் சொல்லவேண்டும். இரண்டாவது, ஒருவர் மீது புகார் வந்தால், பதவியேற்புக்கு முன்பே அதை ஆராய்ந்து முடிவை வெளியிடவேண்டும்.

மூன்றாவது, ஓய்வுபெற்ற மறுநாளே பதவிப் பந்தியில் இலை போடக் கூடாது. 1972-இல் காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை விட்டு நீதிபதியான பஹருல் இஸ்லாம், 1983-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து விலகி மீண்டும் அதே கட்சிக்குத் திரும்பினார். தலைமை நீதிபதியாக இருந்த நம் சதாசிவம் 2014-இல் ஓய்வுபெற்ற சில மாதங்களில் கேரள ஆளுநரானார். ரஞ்சன் கோகோய் 2020-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி அபிஜித் கங்கோபாத்யாய் 2024 மார்ச்சில் பதவி விலகி, அதே வாரத்தில் பாரதிய ஜனதாவில் சேர்ந்து, அந்த ஆண்டே மக்களவை உறுப்பினரானார். இவர்கள் எழுதிய தீர்ப்புகள் நேர்மையானவையாகவே இருக்கலாம். ஆனால் தோற்றுப்போன வழக்காளி அதை நம்புவானா?

நான்காவது, தேர்ந்தெடுக்கும் வட்டம் விரியவேண்டும். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் திருவண்ணாமலையும் ஜோலார்பேட்டையும் ஒரே குடையின்கீழ் இருந்தன. அந்த ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராசன் 1973-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1980-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தாழ்த்தப்பட்ட சமூக நீதிபதியானார். குடியரசு பிறந்து முப்பது ஆண்டுகள் ஆயின அதற்கு! பல வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் மன்றத்தில், ஒரு வீட்டுக் கல் மட்டும் படிக்கல்லாக முடியாது.

தேநீர்க் கடைப் பெரியவருக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். பெரியவரே, உங்கள் வழக்கைக் கேட்கும் நீதிபதி நேற்று எந்தக் கட்சியில் இருந்தார் என்பது உங்களுக்கு முக்கியமல்ல. அவரை அமர்த்தியவர், மற்றவரை எந்தக் கல்லால் நிறுத்தாரோ அதே கல்லால் அவரையும் நிறுத்தாரா என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய கட்சி ஆண்டாலும் கேளுங்கள். வேண்டாத கட்சி ஆண்டாலும் கேளுங்கள். கேட்கும் ஆள் இருக்கும்வரையில்தான் கடைக்காரன் கல்லை மாற்ற அஞ்சுவான்!